நீச்சல் குளத்தில் ஒரு காலிக் கேன்

குளிர் தொடங்கியதும் வீட்டுக்காரர் ஒரு காலிக் கேனை இறுக மூடி நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டார்.

"வயித்துல ஒண்ணுமில்லாத உனக்கு இங்க என்னடா வேலை?" என்றது குளத்துச் சுவர். "என்னைப் பாரு, அசையவே மாட்டேன்!"

என்ன வேலை என்று கேனுக்கும் தெரியவில்லை. குஷியாக ஒரு குட்டிக்கரணம் போட்டது.

தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகப் பருத்தது. இடம் போதாமல் சுவரை நெருக்கியது. விரிசல் விட்டுவிடுவோமோ என்று சுவர் நடுங்கியது. அப்போது பனிக்கட்டி கேனின் விலாவிலும் இடித்தது.

"ஐயோ, கூசுது, கூசுது!"

கேன் சிரித்துச் சிரித்தே ஒடுங்கியது. கிடைத்த இடத்தில் பனிக்கட்டி காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

வெயில் வந்து எல்லாம் உருகியது.

"பார்த்தியா? பனியே எங்கிட்ட தோத்துப்போச்சு!" என்றது சுவர்.

'டப்'பென்று உப்பிய கேன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சுவர் பதறியது.

"டேய், அடுத்த குளிருக்கும் வந்துருவேல்ல?"