சோபா பின்னுக்குப் போகிறது

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பழைய பழக்கத்தில் சோபாவை லாவகமாக ரிவர்ஸ் எடுக்கிறார். சுவரில் எழுபத்தைந்து அங்குல டி.வி. அளவுக்கு வெட்டி ஒட்டிய அட்டை. பெரியது, சின்னது என்று இரண்டு டி.வி.யையும் ஏற்றிக்கொண்டு கடை வண்டி வருவதற்குள், அந்த அளவு இந்தக் கூடத்துக்குச் சரிப்படும் என்று மனைவிக்குக் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் சின்னதுதான். உட்காருகிறார், எழுகிறார், மறுபடி இழுக்கிறார். அட்டையின் இரண்டு ஓரமும் ஒருசேரக் கண்ணில் அடங்க மாட்டேன் என்கின்றன. சோபாவின் கால்கள் தரையைக் கீறிக்கொண்டே வாசற்படியையும் தாண்டிவிடுகின்றன. மாலை வெயில் பிடரியைச் சுடுகிறது. ஒரு தெருநாய் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அதுவும் அட்டையைப் பார்க்கிறது. "இப்பதான்டி கச்சிதமா இருக்கு!" என்று கத்துகிறார். "மழை வந்தா?" என்கிறாள் மனைவி உள்ளேயிருந்து. "குடை பிடிச்சுக்கலாம்." தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்கிறது. மனைவி வாசலுக்கு வந்து அவரையும் நாயையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "அப்போ ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. எனக்குச் சின்னது போதும்," என்று கதவைச் சாத்துகிறாள்.