முதல் மனுதாரர்

“ஏனுங்க இஞ்சினியர் தம்பி, சித்திரை வெயில்ல வந்து பாத்துப்போட்டு, பள்ளத்துல தண்ணியே வராதுன்னு எழுதுனா எப்படீங்க?”

மாசாணியம்மாள் கேட்டதும் கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வீடு கட்டலாம் என்று அறிக்கை கொடுத்த இஞ்சினியர் மதன்குமார் மட்டும் சிரிக்கவில்லை.

அவிநாசிக்குப் பக்கத்தில், குடிசையில் இருப்பவர்களுக்கு நான்கு மாடியில் நூற்றிருபது வீடுகள் கட்ட அனுமதி கிடைத்த இடம் அது. அது மழைவெள்ளம் ஓடும் பள்ளம், அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் பதினோரு பேர் வழக்குப் போட்டிருந்தார்கள். இடத்தைப் பார்த்து அறிக்கை தர வக்கீல் கமிஷனர் ஹுமேராவைக் கோர்ட் அனுப்பியிருந்தது. அவர் எழுதுவதை வைத்துத்தான் தீர்ப்பு.

வழக்கை முன்னின்று நடத்துபவர் திருமூர்த்தி. அவருடைய புது பங்களாவின் மதில் இந்த இடத்தை ஒட்டியே இருந்தது. குடிசைச் சனம் பக்கத்தில் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. பள்ளமெல்லாம் கோர்ட்டுக்குச் சொல்வது. தன் தோட்டத்தில் முப்பது வருடம் களை வெட்டிய மாசாணியம்மாள், “மனுவுல என்ற பேர மொதல்ல போடுங்க பண்ணாடி” என்று தானாக வந்து கேட்டபோது, ஏழையின் பேர் மேலே இருந்தால் கேஸுக்குப் பலம் என்று உடனே சரி சொன்னார்.

“நாங்கெல்லாம் ஊடு வருதுன்னு காத்துக் கெடக்கறோம். நீ பண்ணாடிக்கு வாலு புடிக்கறயே, கிறுக்குப் புடிச்சுப்போச்சா அத்தே?” கூட்டத்திலிருந்து கத்தினான் கதிரேசன்.

“செத்த பொறு கண்ணு.”

மதன்குமார் ஃபைலைத் திறந்தார். “இருபது வருஷ ரெக்கார்டுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்க மேடம்.”

மாசாணியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள். மம்பட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினாள். முழங்கால் ஆழம் போனதும் செம்மண் முடிந்து வெள்ளை மணல் வந்தது. அதில் ஒரு கை அள்ளிக் கமிஷனரிடம் காட்டினாள்.

“செம்மண்ணு மேல கொட்டி நெரவுனதுங்க அம்மணி. கீழ பாருங்க, மணலு, நத்தை ஓடு. காஞ்ச காட்டுக்கு நத்தை எப்படீங்க வந்துச்சு? நான் கண்ணாலமாகி வந்த வருஷம், சோறாக்கி எறக்கறதுக்குள்ள ஆளு உசரம் தண்ணி வந்துபோட்டுதுங்க. என்ற நாத்தனாளையும் ரெண்டு எருமையையும் இழுத்துட்டுப் போயிருச்சு.”

ஹுமேரா ஒரு நத்தை ஓட்டை எடுத்துக் கவரில் போட்டார். மதன்குமார் ஃபைலை மூடினார். கதிரேசன் குழி ஓரம் வந்து எட்டிப் பார்த்தான். எட்டு மாதமாகத் தன் வக்கீல் செய்ய முடியாததை ஒரு மம்பட்டியால் முடித்துவிட்டவளை, திருமூர்த்தி வாய் பிளந்து பார்த்தார்.

“கடைசியா ஒண்ணும்மா. இந்தக் கட்டடம் வந்தாலும் வராட்டியும் உங்களுக்கு ஏதாவது லாப நட்டம் உண்டா? மறைக்காமச் சொல்லுங்க, எழுதணும்” என்றார் ஹுமேரா.

தன் தோட்டத்து ஆள் என்று உளறிவிடுவாளோ என்று பதறிய திருமூர்த்தி, “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம்” என்று முந்திக்கொண்டார்.

மாசாணியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இருக்குதுங்க அம்மணி. பதினாலு வருஷமா எழுதிப்போட்டு, போன வருஷம் தையிலதான் குலுக்கல்ல உளுந்துச்சு. தரைத்தளத்துல ஒண்ணாம் நம்பரு என்ற ஊடுங்க.”