பின்னால் வந்த கால்

இரவு எட்டேகாலுக்கு அக்காவும் தம்பியும் கோல்ஃப் மைதானத்துக்குள் ஓடினார்கள். வரைபடத்தை வைத்து, இருட்டில் நட்டிருக்கும் கொடிகளைத் தேடும் ஜோடிப் போட்டி அது. போன தடவை கடைசி இடம். இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று அக்கா முன்னால் ஓடினாள். திரும்பிப் பார்த்தால் தன் நெற்றி விளக்கு தம்பியின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் அவள் திரும்பவேயில்லை.

"வர்றியாடா?"

"நீ ஓடு. உன் வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றேன்."

ஒவ்வொரு கொடியிலும் கேட்டாள். தம்பியின் குரல் அதே பதிலைச் சொன்னது.

முதல் ஆளாக வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே பெஞ்சில் தம்பி, வீங்கிய காலில் ஐஸ் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"முதல் கொடியிலயே கால் மடங்கிடுச்சு, வண்டியில தூக்கிட்டு வந்தாங்க. அதுக்குள்ள வேற ஆளைச் சேர்த்துக்கிட்டியே! சரி, அவரை உக்காரச் சொல்லுக்கா. பாவம், மூச்சு வாங்குது."