ஐந்து மணிப் பயிற்சி

எதிர்வீட்டு எழில்மொழிக்குக் கால் முறிந்தபோது மாநிலக் குத்துச்சண்டைத் தேர்வுக்கு இரண்டு மாதங்களே இருந்தன. "டெய்லி அஞ்சு மணிக்குக் கண்ண மூடிக்கினு மனசுலயே மூட்டையக் குத்து" என்று பயிற்சியாளர் பீம்ராவ் சொல்லியிருந்தார். அவளும் கட்டிலில் படுத்தவாறே வியர்க்க வியர்க்கச் செய்தாள். அடிபட்ட பிள்ளையிடம் இப்படியா கதையளப்பது? கண்டிக்கவே டோல்கேட் அருகிலுள்ள பயிற்சிக் கூடத்துக்குச் சென்றேன்.

மணி ஐந்தேகால். தொங்கும் மணல்மூட்டையைப் பீம்ராவ் பின்புறமிருந்து அணைத்துப் பிடித்திருந்தார். மூட்டைக்கு முன்னால் எவரும் இல்லை. ஆயினும் அது இடைவிடாது அதிர்ந்தது.

"கொஞ்சம் இருங்க சார், மூணாவது ரவுண்டு போய்க்கினு கீது" என்றவர், எதிரிலிருந்த வெறுமையைப் பார்த்துக் கத்தினார்: "எழிலு, லெஃப்ட்டு லேட்டா வருது! இன்னா, தூங்கிக்கினு கீறியா?"

அடுத்த குத்து அவரைச் சுவரோடு சாய்த்தது.

நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன்.