கறுப்புக் கையுறையின் கத்தல்

கடையில் பெரிய கையுறைகளுக்குப் பின்னால் சின்னக் கறுப்புக் கையுறை ஒன்று தொங்கியது. மழை புகாது, விழுந்தாலும் உள்ளங்கை சிராய்க்காது. பெண்கள் விரலுக்கென்றே தைத்தது.

ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு மரகதவல்லி வந்தாள். "மழைக்கு கிளவுஸ் வேணும்ணே."

"லேடீஸுக்கு இதுதாம்மா, கை கறுக்காது" என்று கடைக்காரர் வழக்கம்போலப் பூப்போட்ட துணியுறையை எடுத்தார்.

"நான் இருக்கேனே!" என்று கறுப்பு கத்தியது.

"கத்தாதே அக்கா, மனுஷங்களுக்குக் கேக்காது. உன்னை யாரு தேடினா?" என்று சிரித்துக்கொண்டே போனது பூவுறை.

அடைமழையில் ஒருநாள் அவள் திரும்பி வந்தாள். பிரேக்கில் கை வழுக்கி விழுந்ததில் ஓர் உறை கிழிந்து, அந்தக் கையில் கட்டு. மறு கையில் பூவுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அக்கா, இப்போ கத்தேன்" என்று அது அழுதது.

கறுப்பு தொண்டை கிழியக் கத்தியது.

"கிழிஞ்சது போகட்டும்மா" என்றபடி கடைக்காரர் இன்னொரு பூப்போட்டதை எடுத்தார்.