துணைக்கு வந்தவர்

மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குள் வரும் வழியிலுள்ள தர்கூமியா சோதனைச்சாவடிக்கு வெளியே, விடியும்போதே பத்யா காரோடு காத்திருந்தாள். பாலஸ்தீன நோயாளிகளை அங்கிருந்து டெல் அவீவ் ஆஸ்பத்திரிக்கு இலவசமாக அழைத்துப் போகும் யூதத் தொண்டர்களில் அவளும் ஒருத்தி.

மூன்று மணியிலிருந்து வரிசையில் நின்ற நிதால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து ஏறினான்.

"ரொம்பக் கூட்டமா?"

"கூட்டம் பரவாயில்லக்கா. நீங்க ஓட்டறதுதான் பயமா இருக்கு."

"ஆறு வருஷமா வர்ற. செத்தா போயிட்ட?" என்றாள் பத்யா. "உன் பொண்ணுக்குக் கிட்னி எப்படியிருக்கு?"

"நல்லாயிருக்கு. ஸ்கூலுக்குப் போறா. வீட்ல ஜாத்தர்ப் பொடி தூவின ரொட்டி குடுத்துவிட்டாங்க."

"ஆபரேஷன் நாளும் அதுவுமா ரொட்டியா? வெறும் வயிறா இருக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"முடிஞ்சப்புறம் சாப்பிடத்தான்." கொஞ்ச நேரம் கழித்து நிதால் கேட்டான். "உங்க பசங்க போன் பண்ணாங்களா?"

"கனடாவுல இப்ப ராத்திரி. தூங்குவாங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தை நிதாலிடம் நீட்டினாள்.

"உங்க பேரு என்ன எழுதணும்?"

"நோயாளி இவங்க, பத்யா. நான் துணைக்கு வந்தவன்."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "துணைக்கு ஆள் இருந்தாத்தான் ஆபரேஷன். நீங்க இவங்களுக்கு என்ன உறவு?"

பத்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"டிரைவர்னு போடுங்க," என்றான் நிதால்.

பத்யா சிரித்துவிட்டாள். அவள் தள்ளுகட்டிலில் படுத்ததும் நிதால் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"சாயங்காலம் ஏழு மணிக்குள்ள கண்ணு முழிச்சிடுங்கக்கா. என்கிட்ட இருக்கறது வேலைக்கான அனுமதிச் சீட்டு. அதுவரைக்கும்தான் இந்தப் பக்கம் செல்லும்."