கோடு விழுந்த திரை

"அம்மா பூசைக்குப் போயிருக்கா மகள். இப்பதான் போனா. மழை வார மாதிரி இருக்கு, குடையக்கூட எடுக்கல."

கிழிந்த பெனியனும் பல நாள் மழிக்காத தாடியுமாக லெப்டொப் முன்னால் அமர்ந்து சாந்தகுமார் இதைச் சொன்னார். திரை முழுக்க இளஞ்சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், கட்டிலில் அவர் மனைவி கிறேஸ் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமையில என்னப்பா பூசை?" கோடுகளுக்குள்ளிருந்து மகள் அனற்றின் குரல் கேட்டது.

"யாரோ செத்தவங்களுக்காம். ஒங்கம்மாவுக்கு ஊர்ல ஒரு சாவு தப்பாதே."

அனற் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

அனற் இங்கிலாந்து போன மறுமாதம் கிறேஸுக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போயிற்று. அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் அனற்றுக்கு வேலை. ஓராண்டு முடியுமுன் விட்டு வந்தால் விசா போய்விடும், திரும்பக் கூப்பிட மாட்டார்கள். தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள். அதனால் அவர் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் அது பெரிய வேலையாக இருந்தது. மகள் அழைக்கும் நேரத்துக்குச் சவரம் செய்து, சட்டை மாட்டி, முன்னறையில் வெறும் சுவருக்கு முன்னால் உட்கார வேண்டும். அம்மா குளிக்கிறாள், அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, அம்மா பன்விலவுக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கலஹாவிலிருந்து கிறேஸை அனுப்ப இனி ஊர் பாக்கியில்லை.

அப்படியிருக்கும்போதுதான் லெப்டொப் கோடு போட ஆரம்பித்தது. அனற் படிக்கிற காலத்தில் வாங்கியது. வீட்டில் மற்றபடி இருந்தது ஒரு பொத்தான் போன் மட்டும். கண்டிக்குக் கொண்டுபோனபோது, திருத்துகிற ரிஸ்மி அதைக் கழற்றிச் சூட்டுக் காற்று அடித்து எழுப்பிவிட்டான்.

"கிராபிக்ஸ் சிப் சாகப்போகுது அங்கிள். ஒங்களுக்குப் படம் தெரியாமப் போகும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இந்தச் சூட்டுல கொஞ்ச நாளைக்கு ஓடும். அதுக்குப் பொறகு என்னாலயும் ஏலா. பழைய மொடல், சாமான் வாறல்ல."

"படம் தெரியலன்னா மகள் கூப்புடுறப்ப எப்படி எடுக்கிறது?"

அழைப்பைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி ரிஸ்மி செய்து கொடுத்தான்.

படம் அடியோடு போன அன்று, அவர் லெப்டொப்பைக் கட்டிலருகே வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டே கிறேஸுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது, தானாகவே எடுத்தும் கொண்டது. கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அனற்? இங்க எனக்கு ஒண்ணுமே தெரியல மகள். ஒனக்கு?"

லைன் அன்றைக்கு மெதுவாக இருந்தது. பதில் வரச் சற்று நேரம் பிடித்தது.

"எனக்கும் கோடுதாம்ப்பா. ஒண்ணும் தெரியல."

அன்றோடு அவர் சட்டை மாட்டுவதை விட்டார். லெப்டொப்பும் கட்டிலருகிலேயே தங்கிவிட்டது.

ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று. அனற் முன்னைவிட அதிகம் பேசினாள். பெரும்பாலும் வேலையைப் பற்றித்தான். இல்லத்துக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்காரம்மா வந்திருக்கிறாளாம். அவளுக்கும் பாரிசவாதமாம்.

"அந்தம்மாவ ஒக்கார வச்சுத்தாம்ப்பா கஞ்சி குடுக்கணும். படுத்தமேனிக்குக் குடுத்தா பொரையேறிரும். அப்புறம் ஒரே பக்கமாக் கெடந்தா முதுகுல புண்ணு வந்துரும். திருப்பித் திருப்பிப் போடணும். மொழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி வைக்கணும்."

"அப்படியா," என்பார் சாந்தகுமார், கொட்டாவி விடுகிறவரைப் போல. பேச்சு முடிந்ததும் எழுந்துபோய்க் கிறேஸின் முழங்கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகுவார். முதுகில் சிவந்திருந்த இடம் ஆறிக்கொண்டு வந்தது. எங்கோ இருக்கிற அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு அவர் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்.

இன்றைக்கு அவரே கேட்டார்: "அந்தம்மா எப்படி இருக்கா?"

"பரவாயில்லப்பா. மொகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. அவங்க புருசன்தான் ரொம்ப எளைச்சுப் போயிட்டாரு."

"அவரும் அங்கயா இருக்காரு?"

"அவருதானே எல்லாம் பார்க்குறாரு."

"பாவம்."

"ஆமாப்பா."

வெளியே பேராதனை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று.

"நீ எங்களப் பத்தி யோசிக்காத," என்றார் அவர். "வருசத்த முடிச்சிட்டு மெதுவா வா. அம்மாவும் அதத்தான் சொல்றா."

"சரிப்பா."

"பூசை முடிஞ்சு வந்ததும் பேசச் சொல்லலாம்னு பார்த்தா, புதுசா வந்த பாதர் பிரசங்கம் தொடங்கினா லேசுல நிப்பாட்ட மாட்டாரு. ஒங்கம்மா வேற முன் வரிசையிலதான் ஒக்காருவா..."

"அப்பா, திரும்புங்க! அம்மா விழப்போறாங்க, புடிங்க!"